வேகக் கட்டளை வந்தால் விமானி என்ன சொல்ல வேண்டும், என்ன செய்ய வேண்டும்?

மண்டபம் வாடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவள். வணிக விமானி உரிமத்துக்கான பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். விடுமுறைக்கு ஊர் வந்து பத்து நாளாகிறது. உச்சிப்புளியில் கடற்படையின் பருந்து தளத்திலிருந்து விமானம் எழும் ஒலி கேட்கும்போதெல்லாம் சென்ற மாதம் நடந்த ஒன்று நினைவுக்கு வந்து உறுத்துகிறது. அதை இங்கே வைத்து, அறிந்தவர்களிடம் தெளிவு கேட்க விரும்புகிறேன்.

இரட்டை எஞ்சின் பயிற்சி விமானத்தில், ரேடார் வசதியுள்ள ஒரு விமான நிலையத்தை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். வேகம் 140 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). இறக்கம் நிமிடத்துக்கு 800 அடி. எங்களுக்கு முன்னால் இன்னொரு சிறிய விமானம் 100 நாட்டில் போய்க்கொண்டிருந்தது. நிலையத்தை நெருங்கும் விமானங்களை வரிசைப்படுத்தும் அப்ரோச் கட்டுப்பாட்டாளர், வானொலியில் எங்கள் விமானத்தின் பெயரான அழைப்புக்குறியைச் சொல்லி, "ரெட்யூஸ் ஸ்பீட் டூ ஒன் ஜீரோ ஜீரோ நாட்ஸ்" (வேகத்தை 100 நாட்டாகக் குறையுங்கள்) என்றார். நான் "ரோஜர்" என்று மட்டும் சொன்னேன். கொடுத்த உயரத்துக்கு இறங்குவதே முதல் வேலை என்று எண்ணி, இறக்கத்தை நிறுத்தாமல் தொடர்ந்தேன். வேகம் 100-க்கு வர இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. அதற்குள் கட்டுப்பாட்டாளர் எங்களை இடப்புறம் திருப்பி, வரிசையிலிருந்து வெளியே எடுத்து, எல்லாருக்கும் கடைசியாகக் கொண்டுவந்து சேர்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை என்பதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

தரையிறங்கிய பிறகு என் பயிற்றுநர், "விமானம் உன் கையில் இருக்கிறது, வேகமும் உன்னுடையது. கீழே இருப்பவர் கேட்பார், முடிகிறபோது கொடுத்தால் போதும்" என்றார். அவர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. மறுக்கும் அளவுக்கு அறிவும் எனக்கு இல்லை. வேகக் கட்டளை வேண்டுகோளா, ஆணையா? அதற்கு "ரோஜர்" போதுமா? செய்ய முடியாத நிலையில் என்ன சொல்ல வேண்டும்?

தேவிபட்டினத்தான் எழுதியது:

உங்கள் பயிற்றுநர் சொன்னதில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நான் விமானி இல்லை. கணினியில் பாவனைப் பறப்பு செய்பவன், விதிநூல்களை ஆர்வத்தோடு படிப்பவன். பன்னாட்டு விதிகளின் இரண்டாம் இணைப்பு, விமானத்தின் பொறுப்பு விமானிக்கே இறுதி அதிகாரம் என்று தெளிவாகச் சொல்கிறது. விமானம் எந்த வேகத்தில் பாதுகாப்பாகப் பறக்கும் என்பது ரேடார் திரைக்கு முன்னால் இருப்பவருக்குத் தெரியாது. அப்படியிருக்க, நீங்கள் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டதற்கு இவ்வளவு வருந்த வேண்டியதில்லை.

கீழக்கரை ஓய்வாளர் எழுதியது:

மகளே, நீ கேட்டது நல்ல கேள்வி. வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் "ரோஜர்" பற்றி. அந்தச் சொல்லுக்கு "நீங்கள் சொன்னது முழுவதும் என் காதில் விழுந்தது" என்பதற்கு மேல் பொருள் கிடையாது. செய்வேன் என்ற உறுதி அதில் இல்லை. எந்த எண் காதில் விழுந்தது என்ற செய்தியும் இல்லை. விமானி கட்டாயம் திருப்பிச் சொல்ல வேண்டியவை என்று விதி ஒரு வரிசை வைத்திருக்கிறது. ஓடுபாதையில் நுழைவது, இறங்குவது, எழும்புவது, குறுக்கே கடப்பது, காற்றழுத்த அமைவு, ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் எண், உயரம் ஆகியவற்றோடு திசையும் வேகமும் அந்த வரிசையில் இருக்கின்றன. ஆகவே எண்ணையும் அலகையும் அழைப்புக்குறியையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டாளர் அதைக் கேட்டுச் சரிபார்த்த பிறகுதான் அந்தப் பரிமாற்றம் முடிந்ததாகக் கொள்ளப்படும். நீ "ரோஜர்" என்றபோது அவர் உன்னை மறுபடியும் கேட்டிருக்க வேண்டும். அது அவர் பக்கத்துக் குறை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அடுத்து, இது வேண்டுகோளா ஆணையா என்பது. உனக்கு முன்னால் போனவர் 100 நாட், நீ 140. வேக வேறுபாடு 40 நாட். 60 நாட் வேறுபாடு நிமிடத்துக்கு ஒரு கடல் மைலைத் தின்னும் என்பது எங்கள் மனக்கணக்கு. அதன்படி 40 நாட் ஒன்றரை நிமிடத்தில் ஒரு கடல் மைலைத் தின்றுவிடும். விமான நிலையத்தைச் சூழ்ந்த முனையப் பகுதியில் ரேடார் இடைவெளி பல இடங்களில் 3 கடல் மைல்தான். கட்டுப்பாட்டாளர் நாலரை மைல் வைத்துக்கொண்டு உனக்கு வேகத்தைக் குறைத்தார் என்று வைத்துக்கொள். நீ திருப்பிச் சொல்லாமலும் குறைக்காமலும் இருந்த நேரத்தில், அவர் கையிருப்பில் வைத்திருந்த ஒன்றரை மைலில் ஒரு மைல் போய்விட்டது. உன்னைத் திருப்பிவிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. முன்னே செல்வது பெரிய விமானமாக இருந்தால் நிலைமை இன்னும் கடினமாகும். கனரக வகை விமானத்தின் பின்னால் நடுத்தர வகை வரும்போது 5 கடல் மைலும், இலகு வகை வரும்போது 6 கடல் மைலும் விட வேண்டும். அந்த இடைவெளி, முன்விமானம் தன் பின்னால் விட்டுச்செல்லும் சுழல்காற்றுக்காக விடப்படுவது. அதில் கடன் வாங்க முடியாது.

தேவிபட்டினத்துத் தம்பி சொன்ன இறுதி அதிகாரம் உண்மைதான். ஆனால் அதைச் சொல்லாமல் பயன்படுத்தக் கூடாது. பன்னாட்டு வான்போக்குவரத்து நடைமுறை நூலான ஆவணம் 4444 விமானி, கட்டுப்பாட்டாளர் இரு தரப்புக்கும் கடமை வைத்திருக்கிறது. கொடுத்த வேகத்தைக் கடைப்பிடிக்க இயலாவிட்டால் எந்த நேரமானாலும் விமானி அதைத் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தவுடன் கட்டுப்பாட்டாளர் வேறு வழியில் இடைவெளியை உண்டாக்க வேண்டும். "அனேபிள்" (இயலாது) என்ற ஒரே சொல் அதற்குப் போதும், பின்னால் காரணத்தைச் சேர்த்தால் இன்னும் நல்லது. என் பணிக்காலத்தில் "அனேபிள்" என்று சொன்ன விமானியிடம் நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. சரியென்று சொல்லிவிட்டுப் பழைய வேகத்திலேயே வந்தவர்களைத்தான் இன்றும் மறக்க முடியவில்லை. ரேடார் திரையில் இடைவெளி சுருங்குவதைப் பார்த்துக்கொண்டே, அவர் குறைக்கிறாரா இல்லையா என்று அறியாமல் இருப்பது பெரிய துன்பம்.

பாம்பன் சுக்கான் எழுதியது:

நான் விமானத்தில் ஏறியதில்லை. ஆனால் முப்பது ஆண்டுகளாக விசைப்படகு ஓட்டுகிறேன் என்பதால் இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. பாம்பன் பாலம் திறக்கும் நாளில் தென்கடலிலும் வடகடலிலும் காத்திருக்கும் பெரிய படகுகளும் கப்பல்களும் துறைமுக அலுவலகம் சொல்லும் வரிசையில்தான் கடக்க வேண்டும். கால்வாயில் நீரோட்டம் பலமாக இருக்கும். ஓட்டம் பின்னாலிருந்து தள்ளும்போது முன்படகு சொல்லாமல் வேகத்தைக் குறைத்தால் பின்படகு தன் விருப்பப்படி நிற்க முடியாது. அதே சமயம், முன்னால் போகிறவன் கேட்கிறான் என்பதற்காக எஞ்சினை மிகவும் தணித்தால் சுக்கான் பிடிக்காது. படகு நீரோட்டத்தின் போக்கில் போய்த் தூணில் மோதும். அதனால் எங்களில் அனுபவப்பட்டவர்கள், இதற்குக் கீழே என்னால் தணிக்க முடியாது என்பதைக் கால்வாய்க்குள் நுழையும் முன்பே வயர்லெஸ்ஸில் சொல்லிவிடுவார்கள். விமானத்துக்கும் அப்படி ஒரு கீழெல்லை உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

தொண்டிக் கேப்டன் எழுதியது:

பாம்பன் அண்ணன் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் செய்தியின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. நான் ஏ320 பயணிகள் ஜெட் விமானம் ஓட்டுகிறேன். பிளாப் (குறைந்த வேகத்தில் பறக்க இறக்கையிலிருந்து நீட்டும் தகடு), கியர் (சக்கரங்கள்), வேகத்தடை எதையும் வெளியே எடுக்காமல் பறக்கக்கூடிய மிகக் குறைந்த வேகத்தை "மினிமம் கிளீன் ஸ்பீட்" என்கிறோம். அது விமானத்தின் எடையைப் பொறுத்து ஒவ்வொரு பறப்பிலும் மாறும். கட்டுப்பாட்டாளர் அதற்குக் கீழே ஒரு வேகத்தைக் கேட்டால் நான் பிளாப் எடுக்க வேண்டும். பிளாப்புக்கும் மேலெல்லை உண்டு: ஏ320-இல் முதல் நிலைக்கு 230 நாட், இரண்டாம் நிலைக்கு 200, மூன்றாம் நிலைக்கு 185, முழு நிலைக்கு 177. இப்படி மேலும் கீழும் எல்லை இருக்கும் ஒரு பாதைக்குள்தான் கட்டளையை நிறைவேற்ற முடியும். இந்த எல்லைகள் கட்டுப்பாட்டாளரின் திரையில் தெரியாது, எனவே அவற்றைச் சொல்ல வேண்டிய பொறுப்பு என்னுடையது.

இனி, நம் தங்கைக்கு நேர்ந்ததைப் பற்றி. இறங்குவதும் வேகம் குறைப்பதும் ஒன்றுக்கொன்று பகை. உயரத்தை இழக்கும்போது அந்த ஆற்றல் வேகத்தைக் கூட்டுகிறது; ஜெட் விமானத்தில், எஞ்சின் முழுவதும் தணிந்திருந்தாலும், பிளாப் எடுக்காமல் மூன்று பாகைச் சரிவில் வேகம் ஏறக்குறைய அப்படியே நின்றுவிடும். மட்டமாகப் பறந்தால் ஒரு கடல் மைலுக்கு ஏறத்தாழ 10 நாட் குறையும் என்று நாங்கள் கணக்கு வைத்துக்கொள்கிறோம். அதாவது 250-இலிருந்து 210-க்கு வர நான்கு மைல் வேண்டும். வேகமாக இறங்கச் சொல்லிக்கொண்டே வேகத்தையும் குறைக்கச் சொல்வதைத் தவிர்க்க வேண்டும் என்று கீழக்கரைக் காக்கா குறிப்பிட்ட அதே ஆவணம் கட்டுப்பாட்டாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. அப்படி இரண்டும் சேர்ந்து வந்துவிட்டால், எதை முதலில் செய்வது என்பதை விமானி தானே முடிவு செய்து அமைதியாக இருந்துவிடக் கூடாது. "முதலில் வேகத்தைக் குறைத்துப் பிறகு இறங்கவா, அல்லது இறங்கிய பிறகு குறைக்கவா?" என்று கேட்க ஐந்து நொடி போதும். தங்கை, உன் பிழை இறக்கத்தைத் தொடர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. இறக்கத்தைத் தொடர்கிறேன் என்று சொல்லாமல் விட்டதுதான் பிழை.

இன்னொன்றையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டாளர் கேட்பது காற்றுவேகமானி காட்டும் வேகம். அவர் திரையில் இடைவெளியைத் தீர்மானிப்பது தரைவேகம். காட்டும் வேகம் 250 நாட்டாக இருக்கும்போது 10,000 அடியில் உண்மை வேகம் (காற்றினூடே விமானம் உண்மையில் நகரும் வேகம்; காற்று அடிக்காவிட்டால் இதுவே தரைவேகம்) ஏறத்தாழ 290 நாட்; 4,000 அடியில் ஏறத்தாழ 265. முன்னால் கீழே போகிறவருக்கும் பின்னால் மேலே வருகிறவருக்கும் ஒரே 250-ஐக் கொடுத்தால், பின்னால் வருகிறவர் ஐந்து நிமிடத்தில் இரண்டு மைல் நெருங்கிவிடுவார். "முன்னால் போகிறவருக்கு 250 கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் ஏன் 220?" என்று சில இளம் விமானிகள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலமாக அடிக்கும் ஆடி மாதத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வரும் விமானத்துக்கு மேலே முதுகுக்காற்றும் கீழே தணிந்த காற்றும் கிடைக்கும்போது இந்த வேறுபாடு இன்னும் பெருகும். காரணம் புரிந்துவிட்டால் முணுமுணுப்பு தானாகவே நின்றுவிடும்.

தேவிபட்டினத்தான் எழுதியது:

இருவருக்கும் நன்றி. "சொல்லாமல் பயன்படுத்தும் அதிகாரம்" பற்றி நான் யோசித்துப் பார்த்ததே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஓர் ஐயம் மீதி இருக்கிறது. 2013 ஜூலை 6 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஏசியானா 214 விமானம் ஓடுபாதைக்கு முன்னிருந்த கடல்சுவரில் மோதியது. ஓடுபாதைக்கு 5 கடல் மைல் வரை 180 நாட் வைத்திருக்கும்படி அந்த போயிங் 777-க்குக் கட்டளை இருந்தது. அந்தக் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததால்தானே அவர்கள் உயரத்தில் மாட்டிக்கொண்டார்கள்?

தொண்டிக் கேப்டன் எழுதியது:

நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அது காட்டுவது வேறு. ஓடுபாதைக்கு 14 மைல் இருக்கும்போது அவர்கள் சரிவுப்பாதைக்குச் சற்றே மேலே இருந்தார்கள். கட்டளையை ஏற்றுக்கொண்டார்கள். பிறகு இறக்கத்தைச் சரியாக நடத்தாததால் 5 மைல் புள்ளிக்கு வரும்போது மிக உயரத்தில் இருந்தார்கள். அதைச் சரிசெய்யும் அவசரத்தில், வேகத்தைத் தானே காக்கும் தானியங்கி உந்துவிசை தங்களை அறியாமல் செயலற்றுப் போனதை அவர்கள் கவனிக்கவில்லை. 137 நாட்டில் வர வேண்டிய விமானம் 103 நாட் வரை தாழ்ந்தது. மூன்று பேர் உயிரிழந்தனர். அமெரிக்க விசாரணை வாரியம் இறக்கத்தைக் கையாண்ட முறையையும் வேகத்தைக் கண்காணிக்கத் தவறியதையும்தான் காரணமாகச் சொன்னது. 180 நாட் கட்டளையைக் காரணமாக வைக்கவில்லை.

அந்தக் கட்டளை பெரிய விமான நிலையங்களில் அன்றாடம் வருவது, திட்டமிட்டால் நிறைவேற்றக்கூடியது. ஏற்றுக்கொள்ளும் நொடியிலேயே, 5 மைலில் 180 நாட் என்றால் நான் எந்த உயரத்தில் இருக்க வேண்டும், கியரை எங்கே இறக்க வேண்டும் என்ற கணக்கு மனத்தில் ஓட வேண்டும். அந்தக் கணக்கு ஒத்துவராது என்று தெரிந்தால், 8 மைலில் சொல்லிவிடலாம். 6 மைலிலும் சொல்லலாம். அதற்குப் பிறகும் சரியாகாவிட்டால் மறுசுற்றுக்கு மேலேறிப் போகலாம். கருவிகளை நம்பிப் பறக்கும் நிலையில் 1,000 அடி உயரத்துக்கு இறங்குவதற்குள்ளும், கண்பார்வை நிலையில் 500 அடிக்கு இறங்குவதற்குள்ளும் வேகமும் சரிவும் நிலைப்படாவிட்டால் இறங்கக் கூடாது என்பதைக் கட்டுப்பாட்டாளரின் எந்தக் கட்டளையும் மாற்றாது. உங்கள் இறுதி அதிகாரம் முழுமையாகப் பொருந்தும் இடம் அதுதான் தம்பி.

கீழக்கரை ஓய்வாளர் எழுதியது:

கேப்டன் தம்பி சொன்னதோடு எங்கள் பக்கத்து வரம்புகளையும் சேர்க்கிறேன். ஓடுபாதையை நெருங்கும் கடைசிக் கட்டங்களான இடைநிலை, இறுதி அணுகலில் இருக்கும் விமானத்துக்கு 20 நாட்டுக்கு மேற்படாத சிறு மாற்றங்களையே கேட்க வேண்டும். ஓடுபாதை முனைக்கு 4 கடல் மைல் உள்ளே வந்துவிட்டால் வேகக் கட்டுப்பாடே கூடாது. காத்திருப்புச் சுற்றில் நுழைந்த விமானத்துக்கும் அது பொருந்தாது. இவற்றை மீறிய கட்டளை வந்தால் விமானி தயங்காமல் மறுக்கலாம்.

மண்டபம் வாடை எழுதியது:

ஐயாவுக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. இவ்வளவு பொறுமையாக விளக்குவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இன்னும் ஒரு கேள்வி இருக்கிறது. கொடுத்த வேகம் எதுவரை செல்லும்? சென்னை வான்தகவல் பகுதியும் கொழும்புப் பகுதியும் சந்திக்கும் எல்லை நம் கடலுக்கு மேலேதான் இருக்கிறது. ஒரு பக்கத்தில் வேகம் கொடுக்கப்பட்டு, அடுத்த அலைவரிசைக்கு மாற்றப்பட்டால் அந்தக் கட்டளை தீர்ந்துவிடுமா? தரையிறங்கும் அணுகலுக்கு அனுமதி கிடைத்தவுடன் வேகம் நம்முடையதாகிவிடும் என்று எங்கள் வகுப்பில் ஒருவர் உறுதியாகச் சொன்னார்.

கீழக்கரை ஓய்வாளர் எழுதியது:

உன் வகுப்பு நண்பர் அமெரிக்க நூலைப் படித்திருப்பார். அங்கே அணுகல் அனுமதி முன்பு கொடுத்த வேகத்தை நீக்கிவிடும். வேகம் தொடர வேண்டுமானால் கட்டுப்பாட்டாளர் மறுபடியும் சொல்ல வேண்டும். நாம் பின்பற்றும் பன்னாட்டு நடைமுறையில், கட்டுப்பாட்டாளர் வெளிப்படையாக நீக்கும் வரை அல்லது மாற்றும் வரை வேகக் கட்டளை உயிரோடு இருக்கும். "மெயின்டெய்ன் ஒன் சிக்ஸ் ஜீரோ அன்டில் ஃபோர் மைல்ஸ்" (4 மைல் வரை 160 நாட் வைத்திரு) என்று எல்லையோடு கொடுத்தால் அந்த எல்லையில் தானே முடியும். எல்லை சொல்லாமல் கொடுத்தால் "ரெஸ்யூம் நார்மல் ஸ்பீட்" (வழக்கமான வேகத்துக்குத் திரும்பு) என்று கேட்கும் வரை காத்திரு. வராவிட்டால் நீயே கேள். இந்த வேறுபாட்டை அறியாமல் இரு நாடுகளிலும் பறப்பவர்கள் இறுதிப் பாதையில் திடீரென்று வேகத்தைத் தணித்து, பின்னால் வருபவரின் இடைவெளியைக் கெடுத்துவிடுவார்கள்.

அலைவரிசை மாறினாலும் கட்டளை மாறாது. புதிய கட்டுப்பாட்டாளரிடம் முதல் அழைப்பிலேயே அழைப்புக்குறி, உயரம் ஆகியவற்றோடு, ஒதுக்கப்பட்ட வேகம் இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விட்டால், எல்லைக்கு அப்பால் இருப்பவர் உன் வேகத்தைத் தெரியாமலே தன் வரிசையை அமைப்பார்.

உயரமான பாதைகளில் 25,000 அடிக்கு மேல் வேகத்தை மாக் எண்ணிலும் (ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட அளவு) கொடுப்போம். அந்த மாக் எண்ணை மாற்ற வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் மன்னார் வளைகுடாவின் மேலே இடிமேகம் எழும்பி, கடும் குலுக்கலால் உடனே வேகத்தைக் குறைக்க நேர்ந்தால், முதலில் குறைத்துவிடலாம். அடுத்த மூச்சில் கட்டுப்பாட்டாளருக்குத் தெரிவிக்க வேண்டும். திட்டமிட்ட வேகத்திலிருந்து 5 விழுக்காடு விலகினால்தான் சொல்ல வேண்டும் என்று பழைய பாடநூல்களில் இருக்கும். இப்போதைய விதி அதைவிட இறுக்கமானது: மாக் 0.02 அல்லது உண்மை வேகத்தில் 10 நாட் விலகல் நீடித்தாலே தெரிவிக்க வேண்டும். உன்னிடம் பழைய பதிப்பு இருந்தால் அந்தப் பக்கத்தைத் திருத்தி வைத்துக்கொள்.

பாம்பன் சுக்கான் எழுதியது:

என் கேள்விக்கு விடை தந்த கேப்டன் தம்பிக்கு நன்றி. சுக்கான் பிடிக்கும் கீழெல்லை ஒவ்வொரு நாளும் சரக்கின் எடைக்கேற்ப மாறும் என்பது எங்களுக்கும் பொருந்தும். ஐஸ் நிரம்பிய படகும் வெறும் படகும் ஒன்றுபோல் தணியாது.

மண்டபம் வாடை எழுதியது:

விடுமுறை முடிந்து திங்கட்கிழமை பயிற்சிக்குத் திரும்புகிறேன். அதே விமானம், அதே ஓடுபாதை. அன்றைய நிலைமை மறுபடியும் வந்தால் என்ன சொல்வது என்பதை எழுதிப் பழகியிருக்கிறேன். ஐயா சரிபார்க்க வேண்டும். 140 நாட்டில் இறங்கிக்கொண்டிருக்கும்போது 100 கேட்கப்பட்டால், "வில் ட்ரை ஒன் ஜீரோ ஜீரோ நாட்ஸ்" என்று சொல்லி, அழைப்புக்குறியைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

கீழக்கரை ஓய்வாளர் எழுதியது:

"ட்ரை" வேண்டாம் மகளே. முயல்கிறேன் என்று நீ சொன்னால் நான் உன்னை 100 நாட் என்று கணக்கில் வைப்பதா, 140 என்று வைப்பதா? முடியுமானால், "ரெட்யூஸிங் ஸ்பீட் டூ ஒன் ஜீரோ ஜீரோ நாட்ஸ்" என்று சொல்லி அழைப்புக்குறியோடு முடித்துவிடு; சொல்லும்போதே கை எஞ்சின் நெம்புகோலில் இருக்கட்டும். இறக்கத்தோடு சேர்த்து முடியாதென்றால், "அனேபிள் ஒன் ஜீரோ ஜீரோ நாட்ஸ் இன் தி டிசென்ட், கேன் ரெட்யூஸ் இஃப் லெவல்" (இறங்கிக்கொண்டே 100 நாட் இயலாது, மட்டமாகப் பறந்தால் குறைக்க முடியும்) என்று சொல். நான் அந்த மேசையில் இருந்தால் உடனே இறக்கத்தை நிறுத்தி உன்னை மட்டமாகப் பறக்கச் சொல்லியிருப்பேன். வரிசையிலிருந்து வெளியே எடுத்திருக்க மாட்டேன்.